இரண்டு கழுகுகளுக்குப் பின்னால் இருந்தவை

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் வழியில், ஏறக்குறைய பாதித் தொலைவில் இருக்கிறது திருக்கழுக்குன்றம். ஊரை ஒட்டி எழும் வேதகிரி மலையில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் ஏறினால் வேதகிரீசுவரர் கோயில். அந்த மலையின் ஒரு பாறையில், 20ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டு வரையில், உச்சிவேளையை ஒட்டி நாள்தோறும் ஒரு விருந்து நடந்துவந்தது. அமுது வைக்கும் உரிமை பெற்றவர் சோறும் நெய்யும் சர்க்கரையும் சேர்ந்த பிரசாதத்தோடு பாறையில் வந்து உட்காருவார். வானத்தில் இரண்டு வெண்பறவைகள் வட்டமிட்டு, தாழ்ந்து, அவர் கைக்கெட்டும் தூரத்தில் இறங்கும். தின்றுவிட்டு எழுந்து போய்விடும். இதைப் பார்க்கக் கூட்டம் காத்துக் கிடக்கும். வீட்டுத் தோட்டத்தில் தீனித்தட்டு தொங்கவிட்டு, அதைத் தேடி வரும் சிறு பறவைகளையும், அவற்றைப் பிடிக்க வரும் வல்லூறையும் ஜன்னல் வழியே படமெடுப்பது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இன்று பெரும் பொழுதுபோக்கு. அங்கே வேட்டைப்பறவை அழையா விருந்தாளி. வேதகிரியிலோ இலை போட்டதே அதற்குத்தான். மனிதன் வைத்த உணவுக்கு ஊன் தின்னும் பறவை வருவதும், அதை ஊரே கூடி நின்று பார்ப்பதும் இவ்வளவு நீண்ட காலம், இவ்வளவு ஒழுங்காக நடந்த இடங்கள் உலகில் மிகச் சில. ஆனால் இந்த வழக்கத்தைப் பற்றிப் பேசியவர்களும் எழுதியவர்களும் பெரும்பாலும் அந்த இரண்டு பறவைகளிலேயே கண்ணை நிறுத்திவிட்டார்கள். பாறைக்கு ஒருநாளும் வராத, யாரும் எண்ணிப் பார்க்காத மற்றப் பறவைகளே அந்த வழக்கத்தைத் தாங்கி நின்றன என்பது என் வாதம். அவை போனதால்தான் இவையும் போயின.

முதலில் வழக்கத்தின் வயது. ஊர்ப்பெயர் மிகப் பழையது. அப்பர், சம்பந்தர், சுந்தரர் மூவரும் கழுக்குன்றத்தைப் பாடியிருக்கிறார்கள், மாணிக்கவாசகரும் பாடியிருக்கிறார். முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று, இவ்வூர் இறைவனுக்குக் கந்தசிஷ்யன் என்ற மன்னன் விட்ட நிலத்தையும், வாதாபி கொண்ட நரசிம்மவர்மப் பல்லவன் அதைத் தொடரவிட்டதையும் சொல்லி, அக்கொடையைப் புதுப்பிக்கிறது. ஆக, 7ஆம் நூற்றாண்டிலேயே இது பேர்பெற்ற தலம். ஆனால் ஊர்ப்பெயரை வைத்துச் சோறிட்ட வழக்கத்தையும் 7ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோவது சரியாகாது. கழுகுகள் தங்கிய குன்று என்பதற்குப் பெயர் சான்று. அவற்றுக்கு யாரோ சோறு வைத்தார்கள் என்பதற்குப் பெயர் சான்றாகாது. மலையில் உள்ள ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையில் 17ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். பக்கத்துச் சதுரங்கப்பட்டினத்தில் வணிகம் செய்தவர்கள், இந்தப் படிகளை ஏறிவரும் அளவுக்கு மலையின் புகழ் அவர்களை எட்டியிருந்தது. அவர்கள் கோயிலைப் பார்க்க வந்தார்களா, பறவையைப் பார்க்கவும் வந்தார்களா என்பதை அந்தக் கீறல்கள் சொல்வதில்லை. வழக்கத்துக்கு ஆயிரத்துச் சொச்சம் ஆண்டு வயது சொல்வோர் நம்பிக்கையின் பேரில் சொல்கிறார்கள். குன்றில் கழுகுகள் வாழ்ந்ததற்கு அவ்வளவு வயது உண்டு என்று மட்டும் நான் சொல்வேன். என் வாதத்துக்கு அதுவே போதும். சோறு வருவதற்கு முன்பே பறவைகள் அங்கே இருந்தன.

அவை எந்தப் பறவைகள்? பக்தர்கள் கழுகு என்றார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர்கள் பருந்து என்றும் கழுகு என்றும் பாறு என்றும் மாற்றி மாற்றி எழுதிவைத்தார்கள். இந்தக் குழப்பத்தைத் தீர்த்ததில் கேமராவுக்குப் பெரிய பங்கு உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தக் காட்சி அஞ்சலட்டைப் படமாகவே விற்பனைக்கு வந்துவிட்டது. அந்தக் காலத்துக் கேமராவால் பறக்கும் பறவையைப் பிடிப்பது பெரும்பாடு. இங்கிலாந்தில் ரிச்சர்டு கீர்ட்டன், செர்ரி கீர்ட்டன் சகோதரர்கள் காட்டுப் பறவைகளைக் கிட்டத்தில் படமெடுப்பதற்காக, 1900ஐ ஒட்டி, உள்ளே ஆள் புகுந்துகொள்ளும்படி பதப்படுத்திய மாட்டுத்தோலால் ஒரு பொய்மாடு செய்து அதற்குள் ஒளிந்திருந்தார்கள். வேதகிரியில் அந்தப் பாடு எதுவும் தேவைப்படவில்லை. குறித்த பாறை, குறித்த நேரம், நண்பகல் வெளிச்சம், பக்கத்தில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர். படக்காரருக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? அந்தப் படங்களில் தெரியும் வெண்ணிற உடல், இறக்கையின் கருவிளிம்பு, மயிரற்ற முகம், மெல்லிய அலகு எல்லாம் ஐயத்துக்கு இடமில்லாமல் மஞ்சள்முகப் பாறுவைக் காட்டுகின்றன. பாப்பாத்திக் கழுகு என்று நாட்டுப்புறத்தில் வழங்கும் பறவை அது. அறிவியல் உலகம் இதன் இந்திய உள்ளினத்தை முதலில் அறிந்துகொண்டதும் இதே வட தமிழ்நாட்டிலிருந்துதான். பியர் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் 1782இல் வெளியிட்ட பயண நூலில் இதைச் செஞ்சியின் பாறு என்று வருணித்தார். அதை வைத்தே 1790இல் ஜான் லேதம் செஞ்சியின் பெயரால் ஜிஞ்சினியானஸ் என்று இதற்குப் பெயர் சூட்டினார். பாறைக் குன்றுகளும் கோட்டை இடிபாடுகளும் நிறைந்த இந்த நிலப்பகுதியில் அந்தக் காலத்தில் இது அரிய பறவையாக இருந்திருக்க முடியாது.

இப்போது ‘அதே இரண்டு’ என்ற நம்பிக்கைக்கு வருவோம். எட்டு முனிவர்கள் சாபத்தால் கழுகானார்கள், யுகத்துக்கு இருவராக வழிபட்டு விடுதலை பெறுகிறார்கள் என்பது தலபுராணம். முதல் யுகத்தில் சண்டன், பிரசண்டன். அடுத்து சம்பாதி, சடாயு. பிறகு சம்புகுத்தன், மாகுத்தன். கலியுகத்தில் சம்பு, ஆதி. காசியில் நீராடி, இங்கே உண்டு, இராமேசுவரத்தில் வழிபட்டு, சிதம்பரத்தில் அடைவதாகக் கதை விரியும். இந்தக் கதையில் ஒரு நுட்பம் இருக்கிறது. பறவைகள் சாவதில்லை என்று அது சொல்லவில்லை. ஒரு சோடி போனால் அடுத்த சோடி வரும் என்பதே அதன் அமைப்பு. உயிரியலும் இதையே சொல்கிறது, கால அளவுதான் வேறு. கூண்டில் நன்கு பேணப்பட்ட மஞ்சள்முகப் பாறு 37 ஆண்டு வரை வாழ்ந்ததுண்டு. வெளியில் அவ்வளவு ஆண்டுகள் தாக்குப்பிடிப்பது கடினம். வழக்கம் முந்நூறு ஆண்டுதான் நடந்தது என்று குறைத்து வைத்துக்கொண்டாலும், எட்டு ஒன்பது தலைமுறைப் பறவைகளாவது அந்தப் பாறையில் இறங்கியிருக்க வேண்டும். இந்தப் பறவை சோடி பிரியாமல் வாழ்வது. ஆண்டுக்கு ஆண்டு அதே பாறை இடுக்கில், அதே கூட்டில் முட்டையிடுவது. சோடியில் ஒன்று இறந்தால் மற்றது இடத்தை விட்டுப் போகாது. அக்கம்பக்கத்தில் சோடியில்லாமல் திரியும் ஒரு பறவை வந்து சேர்ந்துகொள்ளும். சில காலத்தில் அடுத்ததும் இறக்கும். அந்த இடத்துக்கும் ஒன்று வரும். பாத்திரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு எந்த நாளிலும் இரண்டு பறவைகள்தான். மாற்றம் நிகழ்ந்ததே தெரியாது.

நேரம் தவறாமை பற்றிய வியப்புக்கும் இங்கேயே விடை இருக்கிறது. சுமார் 2 கிலோ எடையுள்ள இந்தப் பறவை இறக்கையடித்தே நெடுந்தூரம் பறக்க விரும்பாது. வெயில் ஏறி, தரை சூடேறி, வெப்பக்காற்று மேலெழும்பும்போது அதில் மிதந்து உயர்வதே அதன் வழக்கம். முற்பகலில் எழும்பி நிலத்தைத் துழாவிவிட்டு உச்சிவேளையில் வேதகிரிக்கு மேலே வந்து நிற்பது அதன் அன்றாடத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. நாள்தோறும் ஒரே வேளையில் உணவு கிடைக்கும் இடத்தை அது மறப்பதுமில்லை. அடைகாக்கும் மாதங்களில், இங்கே பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, ஆணும் பெண்ணும் முறைவைத்து முட்டையின் மேல் அமரும். அப்போது பாறைக்கு ஒன்று மட்டும் வருவதும் சில நாள் எதுவுமே வராததும் எதிர்பார்க்க வேண்டியதே. கூட்டத்தில் பாவிகள் இருந்தால் கழுகு வராது என்று இந்த இடைவெளிகளுக்கு விளக்கம் சொல்லப்பட்டது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணியும், கேரளப் பறவையியலாளர் கே.கே. நீலகண்டனும் 1977இல் பறவை நோக்குவோருக்கான செய்திமடலில் இந்தப் பறவைகளைப் பற்றித் தனித்தனியே எழுதினார்கள். வழிபாட்டுப் பொருளாகவே இருந்துவந்த சோடியைப் பறவையாக எடுத்துக்கொண்டு எழுதிய அந்தக் கட்டுரைகளுக்காக நாம் கடன்பட்டிருக்கிறோம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கோயில் சோறுதானே அவற்றைப் பிடித்து வைத்திருந்தது, பழக்கிய பறவைகள்தானே அவை, சுற்றுப்புறப் பறவைகளுக்கும் இவற்றுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். சோற்றால் அவற்றைப் பிடித்து வைத்திருக்க முடியாது. ஒரு வேளை சர்க்கரைச் சோறு இந்தப் பறவைக்கு ஆகாரமாகாது. செத்த மாட்டில் பெரிய பாறுகள் தின்று மிச்சம் வைத்ததைக் கொத்துவது, முட்டைகளை உடைத்துக் குடிப்பது, குப்பைமேட்டைக் கிளறுவது, மாட்டுச் சாணத்தையும் மனித மலத்தையும்கூடத் தின்பது என்று பல வகையில் பிழைப்பது இது. முகத்தின் மஞ்சளுக்கு வேண்டிய நிறமிகள் சாணத்திலிருந்தே கிடைக்கின்றன என்று ஸ்பெயினில் நடந்த ஆய்வு காட்டி, 2002இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. புனிதப் பறவையின் முகத்துப் பொலிவுக்குக் கோயில் பொங்கலைவிடக் களத்துமேட்டுச் சாணமே காரணம் என்பது எனக்கு அதன் மதிப்பைக் குறைப்பதாகத் தோன்றவில்லை. குஞ்சுக்கு ஊட்ட ஊன் வேண்டும். அது பாறைக்கு வெளியேதான் கிடைத்தது. இங்கிலாந்தின் ரெடிங் நகரில் நடந்ததும் இதற்கு ஒப்பான செய்தி. 1989 தொடங்கி ஸ்பெயினிலிருந்து கொண்டுவந்து சில்டர்ன் குன்றுகளில் விடப்பட்ட செம்பருந்துகள் பெருகின. ரெடிங்கில் பலர் தோட்டத்தில் இறைச்சித் துண்டு போடத் தொடங்க, பருந்துகள் பகலில் நகருக்கு மேலே கூடின. நகரில் அவ்வளவு பருந்துகள் தென்படுவதற்கு இந்தத் தோட்டத் தீனியே காரணம் என்று ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனால் அவை கூடு கட்டியது சுற்றியிருந்த நாட்டுப்புறத்தில். தீனி பறவையைக் கண்ணெதிரே வரவழைக்கும். இனத்தை வாழவைப்பது அதற்கு வெளியே இருக்கும் நிலம்.

அந்த நிலத்தின் வரலாறுதான் இந்த வழக்கத்தின் உண்மையான வரலாறு. செங்கல்பட்டுச் சீமை ஏரிகளின் சீமை. உழவும் மாடும் அதன் வாழ்க்கை. செத்த மாட்டை ஊருக்கு வெளியே இழுத்துப் போட்டுத் தோலை உரித்தபின், உடல் பாறுகளுக்கும் நாய்நரிகளுக்கும் போனது. பாறை இடுக்குகள் உள்ள குன்றுகள் எங்கும் இருந்தன. அந்தக் குன்றுகளில் கூடு கட்டியவையும், அவற்றின் குஞ்சுகளும், சோடி சேராமல் திரிந்த இளம் பறவைகளும்தான் வேதகிரிச் சோடியின் காப்பிருப்பு. இளம் பறவைக்குக் கரும்பழுப்பு நிறம் மாறி முழு வெண்மை வர நாலைந்து ஆண்டு ஆகும். அந்த ஆண்டுகள் முழுவதும் அது எங்கேயாவது தின்று, எங்கேயாவது அடைந்து உயிரோடு இருந்தாக வேண்டும். வேதகிரியில் ஓர் இடம் காலியாகும்போது வந்து நிரப்பிய பறவை அப்படி எங்கோ பிழைத்துக் கிடந்ததுதான். 20ஆம் நூற்றாண்டில் அந்த நிலம் மாறியது. குன்றுகள் கல்குவாரிகளாயின. உழவு மாட்டின் இடத்தை டிராக்டர் பிடித்தது. பூச்சிமருந்துகள் வந்தன. செத்த மாடு சுமக்கும் வேலையைச் சாதியின் பேரால் சுமத்தப்பட்டவர்கள் அதை மறுத்தார்கள். இந்த மறுப்பு முற்றிலும் நியாயமானது, இன்னும் முன்பே நடந்திருக்க வேண்டியது. பாறுகளின் பசிக்கு அவர்களைக் காரணமாக்க யாருக்கும் உரிமை இல்லை. ஓர் இழிவின் மேல் அமைந்திருந்த உணவுச்சங்கிலிக்கு மாற்றாக வேறொன்றை ஏற்படுத்தும் பொறுப்பு ஊருக்கும் அரசுக்கும் இருந்தது. அது நடக்கவில்லை. சடலங்கள் புதைக்கப்பட்டன.

பிறகு மருந்து. 1990களின் தொடக்கத்தில் கால்நடைகளுக்கு வலிநீக்கியாக டைக்குளோஃபினாக் மலிவாகப் புழக்கத்துக்கு வந்தது. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைத் தின்ற பாறுகள் சிறுநீரகம் செயலிழந்து மாண்டன. பாகிஸ்தானில் நடந்த ஆய்வு 2004இல் இதை நிறுவியது. இந்தியாவில் வெண்முதுகுப் பாறு சுமார் பதினைந்து ஆண்டுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் அழிந்தது. மஞ்சள்முகப் பாறுவும் 1990களின் இறுதியிலிருந்து ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்துகொண்டே வந்ததைச் சாலைவழிக் கணக்கெடுப்புகள் காட்டின. 2007இல் அது அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது. கால்நடைக்கு டைக்குளோஃபினாக் 2006இல் தடைசெய்யப்பட்டது. கீட்டோபுரோஃபெனும் அசெக்ளோஃபினாக்கும் 2023இல்தான். இங்கே கூர்மையான வாசகர் ஒருவர் இடைமறிக்கலாம். வேதகிரிக்குக் கழுகு வராமல் போனது 1990களிலேயே அல்லவா, கணக்கெடுப்பு காட்டும் சரிவு அதற்குப் பின்னால் அல்லவா, மருந்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. மருந்து மட்டுமே காரணம் என்று எழுதும் கட்டுரைகளோடு நான் உடன்படவில்லை. இரண்டே பறவைகளால் நடக்கும் வழக்கம் அறுபட ஒரு பெருஞ்சாவு தேவையில்லை. காப்பிருப்பு வற்றியிருந்தால் ஒரே ஒரு மரணம் போதும். நிரப்ப ஆள் வராது. வட இந்தியாவில் பறவைகள் ஏராளமாக இருந்ததால் சரிவு கணக்கெடுப்பில் தெரியும் அளவுக்கு வளர ஆண்டுகள் பிடித்தன. தமிழ்ச் சமவெளியில் முன்பே மெலிந்துபோயிருந்த கூட்டம் முதலில் அறுந்தது. மருந்து அந்த அறுபட்ட நூலை மறுபடி முடியவிடாமல் செய்தது. காலக்கணக்கு என் வாதத்துக்கு எதிராக இல்லை. அதற்குத் துணையாகவே இருக்கிறது.

பக்தியின் பக்கமிருந்து வரும் மறுப்பை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். முனிவர்களைப் பறவைகளாக்கி, பறவைகளைப் புள்ளிவிவரமாக்குகிறாய் என்பது அது. இந்த வழக்கத்தின் பெருமையை நான் குறைக்க நினைக்கவில்லை. பிணமும் மலமும் தின்னும் ஒரு பறவைக்கு, ஊர் முகம் சுளிக்கும் ஒரு பறவைக்கு, கடவுளின் அமுதைப் படைத்து எதிரே உட்கார்ந்த மரபு இது. இதே நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பருந்தின் தலைக்கு விலை வைத்தார்கள். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் செம்பருந்து அற்றுப்போய், வேல்ஸில் ஒரு சில மட்டும் எஞ்சின. வேதகிரியின் பக்தி ஒரு பறவையைக் கல்லடியிலிருந்தும் துப்பாக்கியிலிருந்தும் காத்தது. ஆனால் அந்தக் காப்பு பாறையோடு நின்றுவிட்டது. மதுராந்தகத்துக் குன்றில் அடைந்த அதே இனப் பறவைக்கு அந்த மரியாதை போய்ச் சேரவில்லை. அது வெறும் பிணந்தின்னி. பாவிகள் வந்ததால் கழுகு வரவில்லை என்ற விளக்கமும் இங்கேதான் கேடு செய்தது. வராத நாளுக்கு அது காரணத்தைக் கூட்டத்துக்குள்ளேயே தேடச் செய்தது. வயலையும் குவாரியையும் மாட்டுத் தொழுவத்தையும் நோக்கி ஒரு கேள்வியும் எழவில்லை. நாட்டிலேயே மிகப் பலர் நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்த பாறுச் சோடி ஒன்று தடுமாறியபோது, அது எச்சரிக்கையாக யார் காதிலும் விழவில்லை.

இன்று செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, படங்களைத் திரட்டுவது. 1950கள் முதல் 80கள் வரை மலையேறிய குடும்பங்கள் எடுத்த படங்கள் வீட்டு ஆல்பங்களில் இருக்கின்றன. எந்த ஆண்டு, எந்த மாதம் என்று தெரிந்த படங்களை ஒன்றுசேர்த்தால், எந்த மாதங்களில் ஒன்று மட்டும் வந்தது, பழுப்பு நிறம் மாறாத இளம் பறவை எப்போதாவது இறங்கியதா, எந்த ஆண்டிலிருந்து வருகை தேய்ந்தது என்பதையெல்லாம் படித்துவிடலாம். அந்தப் பக்தர்கள் பறவையியலுக்காகப் படமெடுக்கவில்லை என்பதால் அவற்றின் மதிப்பு குறையாது. ஒரே பாறையை, ஒரே வேளையில், பல்லாண்டுக் காலம் நோக்கிய பதிவு வேறு எங்கே கிடைக்கும்? இந்துசமய அறநிலையத் துறையும் ஏதேனும் ஒரு கல்லூரியும் சேர்ந்தால் ஓராண்டில் முடிக்கக்கூடிய வேலை இது.

மற்றது, அவசரப்பட்டு ஒரு தவறைச் செய்யாமல் இருப்பது. கூண்டில் வளர்த்த ஒரு சோடியைக் கொண்டுவந்து மலையில் விட்டு வழக்கத்தை மீட்கலாம் என்று யாருக்கும் ஆசை எழுவது இயல்பு. அந்த இரண்டும் முதல் நாள் பாறைக்கு வந்து தின்னவும் கூடும். ஆனால் அவற்றில் ஒன்று செத்தால் இடத்தை நிரப்ப யாரும் இல்லை. நாம் பழைய முடிவை மறுபடி ஒருமுறை நடத்திப் பார்த்தவர்கள் ஆவோம். தமிழ்நாட்டில் பாறுகள் இன்று நிலைத்திருப்பது மோயாறுப் பள்ளத்தாக்கை ஒட்டிய முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில். அங்கே காட்டு விலங்குகளின் சடலம் உண்டு. ஊசி மருந்து ஏறாத ஊன் உண்டு. அந்தக் காடுகளைச் சுற்றியுள்ள மருந்துக் கடைகளில் தடைசெய்யப்பட்ட மருந்து விற்காமல் பார்த்துக்கொள்வதும், மெலாக்சிகாம் போன்ற தீங்கற்ற மாற்று மருந்துகளைக் கால்நடை மருத்துவமனைகளில் குறையாமல் வைத்திருப்பதும், செங்கல்பட்டு மாவட்டத்தில் எஞ்சிய குன்றுகளைக் குவாரிக்கு விடாமல் நிறுத்துவதும்தான் வேதகிரிப் பறவைகளுக்காக இப்போது செய்ய வேண்டிய காரியங்கள். பாறைக்குச் சோறு கொண்டுபோகும் வேலை அவற்றுக்கு அடுத்தபடியே வரும்.